சக்கர ஷூவும் உங்கள் தங்கையும்

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத பெரிய மச்சானுக்கு, உங்கள் தங்கை கணவன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அதாவது, உங்கள் தங்கை ரொம்பவே நலம். அவளுடைய நலத்தைப் பார்த்து நான்தான் மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் இடுப்புவலி குறைந்து, அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாது மச்சான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரின் ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அந்த மனிதர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார். “எங்கயாவது போயிட்டு சாயங்காலமா வாங்களேன், புண்ணியமாப் போகும்” என்று உங்கள் தங்கைதான் என்னை வெளியே அனுப்பினாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய ஸ்கேட்டிங் மண்டபம் இருந்ததல்லவா, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஊர் இளசுகள் எல்லாம் வட்டமடித்த இடம், அதில் ஒரு பாதி இப்போது டயர் கிடங்கு, மறு பாதியை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பலகைத் தரை அப்படியே இருக்கிறது. பாட்டுப் போட்ட ஒலிபெருக்கி, கண்ணாடி அலமாரியில் வரிசையாகச் சக்கர ஷூக்கள், முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்களுக்கான மருந்துப் பெட்டி, ‘கை கோத்துச் சுற்றக் கூடாது’ என்று ஒரு பலகை. சம்பளமில்லாத வழிகாட்டி தேவை என்றார்கள், சேர்ந்துவிட்டேன்.

வந்ததே நாலு பேர். அவர்களும் நான் விளக்கம் சொன்னால் கொட்டாவி விட்டார்கள். சுவரில் ஒரு பெரிய போட்டோ: ஒரு பெண் ஒற்றைக் காலில் பின்னால் சாய்ந்து பறக்கிறாள், பின்னல் பறந்து முகத்தை மறைக்கிறது, பக்கத்தில் ஒரு மீசைக்காரர் அவள் கையைப் பிடித்தபடி மிரண்டு பார்க்கிறார். கீழே ‘ஜோடிப் போட்டி, முதல் பரிசு, பெயர்கள் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. பெயர்தானே தெரியாது, கதைக்கு என்ன குறை என்று நானே ஒன்று கட்டிவிட்டேன். இந்தப் பெண் நகைக்கடைக்காரர் மகனை மயக்கினாள், இந்த மீசையையும் ஏமாற்றினாள், கடைசியில் பரிசுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே ஓடினாள் என்று ஆரம்பித்து, நாளுக்கு நாள் சேர்த்துக்கொண்டே போனேன். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. அருங்காட்சியகத்தைக் கவனிக்கும் பெண் என்னைத் தனியாக அழைத்து, “சார், இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?” என்று கேட்டாள். “கூட்டம் இருக்கேம்மா” என்றேன். அவளும் வந்தவர்களை எண்ணப் போய்விட்டாள்.

போன வாரம் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் கதையில் உச்சத்தில் இருக்கிறேன், கோப்பையோடு அவள் சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்புறம் என்ன ஆச்சு?”

கண்ணாடி இல்லாததால் ஆளை அடையாளம் தெரியவில்லை. “அப்புறம் யாருக்குத் தெரியும்மா, எங்கே போய்ச் சீரழிஞ்சாளோ” என்றேன்.

“எனக்குத் தெரியும். ஒரு டிக்கெட் பரிசோதகரைக் கட்டிக்கிட்டு சமையல்கட்டுல வந்து விழுந்தா. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

மச்சான், அது உங்கள் தங்கையின் குரல். அவள் என் கையில் கண்ணாடிக் கூட்டைத் திணித்துவிட்டு நேராக அலமாரியைத் திறந்தாள். அருங்காட்சியகத்தைக் கவனிக்கும் பெண் பதறி ஓடிவந்து, “அம்மா, தொடாதீங்க, அது காட்சிப் பொருள்!” என்றாள். “நானும் காட்சிப் பொருள்தாம்மா, சுவத்துல பாரு” என்று சொல்லிக்கொண்டே உங்கள் தங்கை ஷூவை மாட்டிவிட்டாள். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று வெங்காயப் பையைக்கூட என் தலையில் கட்டுகிறவள்! முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாறினாள். இரண்டாவது சுற்றில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மூன்றாவதில் ஒற்றைக் கால். ஜனங்கள் விசிலடித்தார்கள். என் பக்கமாக வந்தபோது என்னைப் பார்க்கவே இல்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மெல்ல விசாரித்தேன். “அந்த மீசை யாரு?”

“மாஸ்டர். பாவம், அவருக்கு நிக்கவே வராது. நான்தான் பிடிச்சுக்குவேன்.”

“என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா வேண்டாம்னுடுவாங்கன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சிருந்தா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க?”

நான் தட்டை மட்டும் கவனித்துச் சாப்பிட்டேன்.

இப்போது வழிகாட்டி அவள்தான். என் கதைகளை எல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். போட்டோவின் கீழே அவள் பெயர் ஏறிவிட்டது. மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு வேறு எடுக்கிறாள். நான் வாசலில் செருப்புகளுக்குக் காவல். வீட்டில் சோறு எப்போது வேகும் என்று அடுப்புக்கே தெரியாது. முட்டிவலி என்ற பேச்சே இல்லை. அந்த வார்த்தையை எடுத்தால் முறைக்கிறாள். நீங்கள் பெரியவர், மறைத்துக் கட்டிக்கொடுத்தவரும் நீங்களே. ஆகையால் உடனே புறப்பட்டு வந்து, தங்கையை நாலு வார்த்தை கண்டித்து, சக்கரத்தைக் கழற்றி வீட்டில் உட்கார வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தப் போட்டியில் ஜெயித்தாலும் வீட்டில் சொல்லும்படி என் ஆசி.

தங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்

பின்குறிப்பு: எழுதி முடித்த இந்தக் கடிதம் ஒரு வாரமாக மேஜையில் கிடந்தது. இன்று அவள் எடுத்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மேலே உள்ள எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அருங்காட்சியகத்தில் ஜோடிப் போட்டி மறுபடியும் நடத்தப்போகிறார்கள். மாஸ்டர் தன் மகனோடு வெளிநாடு போய்விட்டாராம், அவர் இடத்துக்கு ஆள் வேண்டுமாம். எனவே நீங்கள் கண்டிக்க வர வேண்டாம், பார்க்க வாருங்கள். அவளுடைய பழைய ஷூவை நீங்கள் உங்கள் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்தது அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம், எடுத்து வரவும். வழியில் கடை இருந்தால் எனக்கும் ஒரு ஜோடி. அளவு ஒன்பது. இடது மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், கணுக்கால் கட்டைப் பிரிக்க இன்னும் சில நாள் ஆகும் என்கிறார் டாக்டர்.