எதிர்வீட்டுக் காரின் சதி

பிழைநீக்கி என்று ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் நிச்சயம். எங்கே தவறு நடந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். ஒரே ஓர் இடத்தை மட்டும் சோதிக்க மாட்டார். எந்த இடம்? பொறுங்கள், இந்த அப்பாவைப் பாருங்கள்.

மகள் பள்ளியில் செய்யவிருக்கும் இயற்பியல் சோதனைக்குத் திட்டம் போட்டிருந்தாள். ஒத்திகைக்கு வீட்டு மேசையின் ஒரு முனையில் பல்பு, எதிரே மீட்டர் பொருத்திய ஒளி உணரி, நடுவே அளவுகோல். உணரியைத் தள்ளி வைக்க வைக்க மீட்டரில் எண் குறைய வேண்டும். அவ்வளவுதான். மாதிரி அளவுகளோடு திட்டத்தை நாளைக் காலையில் கொடுக்காவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடமில்லை.

"நான் இருக்கேன், கண்ணு!" என்றார் அப்பா. விஞ்ஞானம் என்றால் சும்மாவா? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அணிந்து வந்து மீட்டர்மேல் குனிந்தார்.

இருபது சென்டிமீட்டரில் நூறு. இன்னும் நெருங்கிக் குனிந்தார். நாற்பதில் நூற்றிருபது!

"துரோகம்!"

"அப்பா, உங்க சட்டை..."

"குறுக்கே பேசாதேம்மா. எங்கயோ வெளிச்சம் கசியுது."

ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, டிவியின் சிவப்புப் புள்ளிமேல் பிளாஸ்திரி ஒட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கல்யாணப் படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கடைசியில் மனைவியின்முன் கைநீட்டி நின்றார்.

"தோட்டைக் கழட்டு."

"இது மினுக்கிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. வாங்கிக் குடுத்தவருக்குத் தெரியாதா?"

மறுபடி குனிந்தார். எண் மறுபடி ஏறியது. போர்வை இடுக்கில் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் கார், அதன் கண்ணாடியில் வெயில்! போர்க்களம் போகிறவர்போல் ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார்.

அம்மா கதவைத் தாழிட்டாள். "ம், மடமடன்னு அளவெடு. அந்த வீட்டுக்காரர் லேசுல விடமாட்டார். கால் மணி நேரம் இருக்கு."

எண்கள் படியிறங்குவதுபோல் சமர்த்தாக இறங்கின. மகள் திட்டத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'முன்னெச்சரிக்கை: வெள்ளை உடை அணிந்தவர்களை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தவும்.'

அப்பா வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். "காரை எடுக்க வச்சுட்டேன்!" அட்டவணையைப் பார்த்ததும் கண் கலங்கியது. அந்த ஆனந்தத்திலேயே மீட்டர்மேல் குனிந்தார்.

எண் துள்ளியது.

"அடப்பாவி! காரைத் திரும்பக் கொண்டாந்து நிறுத்திட்டான்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் நீங்கள் குனிந்து பார்க்கும்போது மட்டும் கணக்கு உதைக்கிறதா? நீங்கள் வெளியே போன கால் மணி நேரத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறதா? எதிர்வீட்டுக் காரை விடுங்கள். இன்றைக்கு என்ன சட்டை போட்டிருக்கிறீர்கள்?