இருபத்தொரு வருஷம் ஊரில் இல்லாதவன்

புதுக்கோட்டை,
வெகுதானிய வருஷம் கார்த்திகை 12

விராலிமலை சம்பந்தி ஆத்மநாதன் அவர்களுக்கு, கீழ ராஜ வீதி வெல்லமண்டி நல்லதம்பி எழுதிக்கொண்டது. நம் மீனம்மாளும் தங்கள் மகனும் குடித்தனம் வைக்க நான் கட்டுவதாகச் சொன்ன வீட்டுக்கு நகரசபையில் அனுமதி கிடைக்கவில்லை. சரக்கில் கல் இருந்தால் மூட்டை பிரிக்கும்போதே சொல்லிவிடுகிறவன் நான். அதனால் இது முதலில். இனி நலம்: இங்கு எல்லோரும் சௌக்கியம். தங்கள் வீட்டில் பெரியவர் முதல் கறவை மாடு வரை சௌக்கியமாயிருக்க மலைமேல் இருக்கிற முருகன் பார்த்துக்கொள்வான்.

"வீடு எழும்பட்டும், அப்புறம் தாலி" என்று வெற்றிலை மாற்றும்போதே தாங்கள் சொன்னது நியாயந்தான். மாப்பிள்ளைக்கு இங்கே குமாஸ்தா உத்தியோகம், வாடகை வீடு மாறி மாறி அலைய முடியாது. நானும் வைகாசியில் முகூர்த்தம் என்று மார்தட்டிவிட்டேன். என்ன ஆச்சென்றால், இரண்டு வருஷமாக மழை சரியில்லை, ஊர்க் கிணறெல்லாம் அடி தெரிகிறது, அங்கிட்டும் இங்கிட்டும் வீடு முளைத்துக்கொண்டே போனால் குடிதண்ணிக்கு எங்கே போவது என்று நகரசபையில் ஒரு ரூல் போட்டார்கள்: வருஷத்துக்குப் பன்னிரண்டு புது வீடு, அதற்குமேல் ஒரு செங்கல் கூடாது, இருபது வருஷம் ஊரில் குடியிருந்தவனுக்கு முதல் இடம். தமுக்கடித்துச் சொன்னபோது நான் கல்லாவில் உட்கார்ந்து சிரித்தேன். என்னைவிடப் பழையவன் யார், சம்பந்தி?

பிங்கள வருஷத்தில் தலையில் ஒரு வெல்லச் சிப்பத்தோடு வல்லத்திராக்கோட்டையிலிருந்து நடந்து வந்தேன். அப்போது ஊர் குளத்துக்கரையோடு முடிந்துபோகும். இன்றைக்கு நான் மனை வாங்கிப் போட்டிருக்கிற இடத்தில் சூரைமுள்ளும் நரியுந்தான். பக்கத்துப் பாய்க்கடை ஷேக் பரீதும் நானும் கடைப்பலகையில் ஒரே பாயில் படுப்போம். அது எலி கடித்து விலைபோகாமல் நின்ற பாய், கடித்த பக்கம் யாருக்கு என்று தினம் சண்டை. வீதி அடங்கினால் குளத்துத் தவளைச் சத்தம் கடைவரைக்கும் வரும். விடியுமுன் தண்ணீர்க்கார ராக்கன் தோளில் கம்பு, இரண்டு பக்கமும் குடமுமாக வந்து நின்று, "எந்திரிங்க மொதலாளி" என்பான். கையில் ஓர் அம்மன் காசு மிச்சமில்லாத என்னை முதலாளி என்று முதலில் கூப்பிட்ட வாய் அது. கூப்பிட்டதற்காகவே ஆகித்தொலைத்தேன் என்றுகூடத் தோன்றும். இப்போது குளத்தைச் சுற்றி ஓட்டு வீடு, தவளை கத்தின இடத்தில் கிராமபோன் கத்துகிறது, அந்தப் பாய் எங்கே போச்சென்று பரீதுக்கும் தெரியவில்லை.

இந்தப் பெருமையோடு போய் நகரசபை ஆபீசில் நின்றேன். அங்கே வரிக் குமாஸ்தா திருப்பதி புத்தகத்தை விரித்தார். "நல்லதம்பி, ஊர் வல்லத்திராக்கோட்டை, தினம் வந்துபோகும் வியாபாரி. ஒங்க கையெழுத்துதானே?" என் கையெழுத்துதான். வெளியூரான் என்றால் தொழில் வரி பாதி. ஆகவே இருபத்தொரு வருஷமும் வெளியூரான் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"தெனம் எட்டு மைல் வந்து எட்டு மைல் போறீங்களா?"

"வண்டி இருக்கு தம்பி."

"பிங்கள வருஷத்துலயும் இருந்துச்சா?"

புத்தகப்படி இருபது வருஷம் ஊர்க்காரனாக இருக்கிறவன் யாராவது சாட்சி சொன்னால் போதும் என்றார் அவர், நல்ல பிள்ளை. ஓடிப்போய்ப் பரீதைக் கூட்டிவந்தேன். "ஒரே பாயில படுத்தவன் நான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று அவன் மேசையைத் தட்ட, திருப்பதி பக்கத்தைப் புரட்டி, "ஷேக் பரீது, ஊர் கோட்டைப்பட்டினம்" என்று வாசித்தார். பரீது என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீ சொல்லித்தானே மாப்ளே எழுதுனேன்?" அதுவும் உண்மை. வீதி முழுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தங்கள் விராலிமலைக்கே நாலு பேர் தினம் போய்வருகிறார்களாம், வழியில் பார்த்திருந்தால் எழுதவும். கடைசியில் எங்கள் வீதியில் படுத்தெழும்புகிற மனிதன் ஒருவன்தான் என்று ஆச்சு: ராக்கன். தண்ணீர்க்காரனுக்கு வரி கிடையாது, பேர் மட்டும் பதிவு. அதனால் அவனுக்குப் பொய் தேவைப்படவில்லை.

அவனை நான் எந்த முகத்தோடு கேட்பேன்? போன பங்குனியில் கிணறு இறங்கி ஒரு குடம் குறைந்த அன்று, நாலு பேர் முன்னால், "வழியில நீயே குடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து தண்ணீர் மட்டும் ஊற்றுகிறான், முதலாளி என்ற பேச்சு நின்றுபோச்சு.

ஆகையால் முகூர்த்தத்தை வருகிற வைகாசியிலிருந்து அதற்கடுத்த வைகாசிக்குத் தள்ள வேண்டும். அல்லது சொன்னபடி முடித்து, பிள்ளைகளை மண்டி மச்சில் குடிவைக்கலாம். வாசனை நன்றாயிருக்கும், எறும்பு கொஞ்சம் உண்டு. மீனம்மாள் கல்யாணச் சேலையைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அவள் தாயார் அழகம்மாள்தான், "வரியில மிச்சம் புடிச்சீங்கள்ல, அதுக்குள்ள மகளைக் குடிவைங்க" என்கிறாள். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், என்மேல் இருக்கிற கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நல்லதம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் தள்ளிப்போடுவது, மச்சு, எறும்பு எல்லாவற்றையும் அடித்துவிடவும். கவரை ஒட்டுமுன் ராக்கன் வந்தான். "பொண்ணு கல்யாணம் தள்ளிப்போகுதாமே? ஆபீசுக்குப் போவோம், வாங்க" என்றான். இவர் ஊரில் இருந்தது உனக்கெப்படித் தெரியும் என்று திருப்பதி கேட்க, "இருபத்தொரு வருஷமா விடியுமுன்ன இவரு மொகங்கழுவ நாந்தான் தண்ணி ஊத்துறேன். எட்டு மைல் வாரவரு மொகங்கழுவாமயா வந்தாரு?" என்றான். ஒன்பதாம் நம்பர் அனுமதி கையில் இருக்கிறது, வைகாசி வைகாசிதான். பேசி முடித்த ஷரத்து: நகரசபைக்கு, இருபத்தொரு வருஷத்து மீதிப் பாதி வரி, மூன்று தவணையில். ராக்கன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, தோள் ஓய்ந்துபோச்சாம், ஆகவே அவன் சொன்ன ஷரத்து இது. மனையில் சுவர் எழுப்புமுன் கிணறு வெட்ட வேண்டும், குளத்தடி மண்ணாகையால் ஊற்று உண்டு. கிணறு மதிலுக்கு வெளியே வீதிப்பக்கம் இருக்க வேண்டும். கயிறும் வாளியும் என் செலவு. யார் எத்தனை குடம் எடுத்தாலும் நான் எண்ணக்கூடாது.