ஞானக்கண்ணும் ஒரு பிளாஸ்டிக் கையும்

அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் அந்த மாதம் ஆள் பற்றாக்குறை. ஆட்களெல்லாம் ஆத்தப்பன் சாமி கொட்டகை வாசலில் வரிசையில் நின்றார்கள். போன வருசம் வரைக்கும் மங்கலத்தில் கழிவுப் பனியன் விற்றவர் அவர். கனவில் நாகம் வந்து உத்தரவு கொடுத்ததாம். நாகத்துக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது!

சாமியைப் பொறுத்தவரை தோல் வியாதி எல்லாமே நாகசாபம்தான். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். திரைக்குப் பின்னால் ஊனக்கண்ணை மூடி, ஞானக்கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பார். திரையில் ஓர் ஓட்டை. மஞ்சள் பூசிய கையை அதற்குள் நீட்ட வேண்டும். தீர்த்தம் தெளித்ததும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகும். விஷம் இறங்குகிறதாம். அப்புறம் 'நாகக் கவசப் பனியன்' வாங்க வேண்டும். கிழிந்த பனியனுக்கு விலை அதிகம். கிழிசல், நாகம் மூச்சு விடும் வழியாம்.

அனுசுயா சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வருசமாகக் கையிலும் தலையிலும் செதில் செதிலாக உதிர்ந்தது. சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். அவளிடம்தானே சொன்னார், கம்பெனியிடம் சொல்லவில்லையே! அவள் குடித்த டம்ளரை ஒருவரும் தொடவில்லை. அவமானத்தில் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் செதில் கூடிற்று. செதில் கூடியதும் அவமானமும் கூடிற்று. கடைசியில் சாமியிடம் போய் அழுதாள்.

"மனசு சரியில்லையா கண்ணு? பாம்பு மனசுக்குள்ள சுருண்டு படுத்திருக்குது. மருந்தெல்லாம் நிறுத்திப்போடு. கொழந்தையத் தொடாத, சாபம் தாவிரும்."

மருந்தை நிறுத்தினாள். நான்கு வயது மகளைத் தூக்குவதையும் நிறுத்தினாள். புருசன் முனீஸ்தான் பிள்ளைக்குச் சோறூட்டினான். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுச் சித்ரகலாவிடம் கேட்டாள்: "நான் இல்லாமப் போயிட்டா எம்புள்ளைக்குச் சாபம் ஒட்டாதுல்லா?"

சித்ரகலாவுக்குச் சாயப்பட்டறை லேபில் வேலை. அவள் அனுசுயாவின் செதில் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த நெனப்போட உங்களைத் தனியா உட மாட்டனுங்க அக்கா. இன்னைக்கே டாக்டர்கிட்டப் போறோம். மஞ்சள்ல சுண்ணாம்புத் தண்ணி பட்டாச் செவக்கத்தான் செய்யும். அதப் போயி வெசம்ங்கறாரே!"

"நீ சும்மா இரு புள்ள. எங்கையில வெசம் எறங்குனத நான் கண்ணால பாத்தேன்."

"அப்பச் செரி. வெசமே இல்லாத ஒரு கைய நீட்டிப் பாத்தர்லாங்க."

போகிற வழியில் கம்பெனி ஷோரூம் பொம்மையின் கையைக் கழற்றி, மஞ்சள் பூசி, கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அனுசுயா அதை ஓட்டைக்குள் நீட்டினாள். பொம்மைக் கை நிதானமாக இருந்தது.

சாமி கண்ணை மூடியபடியே அமுக்கிப் பார்த்தார். "அடடா, வெசமேறிக் கை கட்டையாப் போச்சே! சோறு உண்ணுதா?"

"ஒரு பருக்கை இல்லீங்க சாமி" என்றாள் சித்ரகலா.

"தூக்கம்?"

"ராப்பகலா நின்னுட்டேதானுங்க இருக்குது."

"ஏழு சென்மத்துச் சாபம்!" தீர்த்தம் விழுந்தது. பிளாஸ்டிக் செக்கச்செவேல் என்று சிவந்தது. "வெசம் எறங்குது பாரு! ரெண்டு பனியன் போடோணும்!"

சித்ரகலா திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். சாமி கண்ணைத் திறந்தார். அனுசுயாவின் பிடியிலிருந்து நழுவி, தோளோடு கழன்ற ஒரு கை அவர் மடியில் கிடந்தது. "ஐயோ!" என்று அலறி எழுந்ததில் தீர்த்தக் குடம் கவிழ்ந்தது. அடியில் தங்கியிருந்த சுண்ணாம்பு தரையெல்லாம் வெள்ளையாகப் பரவியது.

"பிளாஸ்டிக்குக்கு எந்தப் பாம்பு வே சாபம் விட்டுச்சு?" என்று கேட்டாள் அனுசுயா. கேட்டவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. சாமி பின்வாசல் வழியாக ஓடினார். ஞானக்கண்ணுக்கு வழி நன்றாகவே தெரிந்தது.

வரிசையில் நின்ற லிங்கசாமி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பொம்மைக்கே வெசம் எறக்கறாருன்னா எத்தன பெரிய சாமி பாருங்க!"

அனுசுயா அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனாள். தோலுக்கு மருந்து கொடுத்தவர், மனசுக்கு இன்னொரு டாக்டரிடமும் அனுப்பினார். ரெண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிடும், ரெண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். செதில் முழுக்கப் போகவில்லை. போகப்போகத் தூக்கம் வந்தது. ஆனால் டாக்டரிடம் போன அன்றைக்குச் சாயங்காலமே மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பிளாஸ்டிக் கைக்குத் தலை கிடையாது. அதனால் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டைக்குள் போயிற்று. வரிசையில் நிற்கிறீர்களே, தலை இருக்கிற உங்களுக்கு என்ன குறைச்சல்?