மேஜர் ஓஸ்வால்ட் மலையேறப் போன கதை

தொண்ணூற்றெட்டாம் வருஷம், நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், மேஜர் ஓஸ்வால்ட் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மனைவியைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். எடுத்த கையோடு ஒரு டீ வரவழைத்துக் குடித்தார்.

முடிவு இதுதான். வடகிழக்கு எல்லையில், மலை உச்சியில் இருக்கிற ஒரு முகாமுக்கு மாற்றல் வேண்டும் என்று தானாகவே எழுதிக் கொடுப்பது. அந்த இடத்தின் பேரைக் கேட்டாலே மற்ற அதிகாரிகளுக்கு முதுகுவலி வந்துவிடும். குளிர், மழை, அட்டை. தபால் எப்போது வரும் என்று தபால்காரனுக்கே தெரியாது. குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி கிடையாது. இந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் ஓஸ்வால்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தத்தில்.

அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். காக்ஸ் டவுனில் அவர் குடித்தனம் நடத்துகிற லட்சணத்தைப் பார்த்தால் நீங்களும் அட்டைக்கடியே தேவலை என்பீர்கள். வாசலில் 'மேஜர் ஓஸ்வால்ட்' என்று பளபளவென்று பித்தளைப் பலகை. அவருடைய அதிகாரம் அந்தப் பலகையோடு சரி. உள்ளே எல்லாம் டோரீன். டோரீன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். சனிக்கிழமை மட்டும் இவருக்கு ரம் உண்டு. அதையும் அவளே ஊற்றித் தருவாள், குழந்தைக்கு இருமல் மருந்து ஊற்றுகிற மாதிரி. குறட்டை விட்டால் விலாவில் ஒரு இடி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்து வருகிற மனுஷனிடம், "எல்லாத்தையும் சொன்னீங்களா, இல்ல ஏதாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்கிற மனைவி உங்களுக்கு வாய்த்திருக்கிறாளா? அப்புறம் பேசுங்கள்.

இதில் ஆபீஸ் வேலை வேறு அவள் கையில்தான் இருந்தது. ஓஸ்வால்டின் உத்தியோகம், அதிகாரிகளுக்கு மாதாமாதம் ஒரு சுற்றறிக்கை தயாரிப்பது. மேல் பாதியில் செய்தி: யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு எங்கே மாற்றல், யார் ஓய்வு. கீழ் பாதியில் நினைவூட்டல்: அடையாள அட்டையைப் புதுப்பிக்காதவர்கள் புதுப்பிக்கவும். ஸ்கூட்டர் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குப் பதிலாக ராணுவத் தொப்பி அணிய வேண்டாம். ஆவணத்தில் இன்னும் 'திருமணமாகாதவர்' என்று இருப்பவர்கள், ஆகியிருந்தால், தயவுசெய்து தெரிவிக்கவும்.

இதை ஓஸ்வால்ட் எழுதுவார். எழுதி, மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோவார். டோரீன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டோடு நோட்டாக, சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பாள். மறுநாள் அது பிரிகேடியரின் கையெழுத்துக்குப் போகும். "உம்ம இங்கிலீஷ் பிரமாதம் ஓஸ்வால்ட்" என்று பிரிகேடியர் மாதம் தவறாமல் சொல்வார். ஓஸ்வால்டும் மாதம் தவறாமல் வெட்கப்படுவார்.

இப்போது சிக்கல் புரிகிறதா? மலை முகாமுக்குத் தானாக முன்வந்தவர்களின் பேரை சுற்றறிக்கையில் போட்டே ஆக வேண்டும். அந்த மாதம் முன்வந்தது மொத்த அலுவலகத்திலும் ஒரே ஒரு ஆள். அதை டோரீனிடம் கொடுத்துத் திருத்தச் சொல்ல முடியுமா?

ஆகவே அந்த மாதம் மட்டும் சுற்றறிக்கை வீட்டுக்குப் போகவில்லை. ஓஸ்வால்ட் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே எழுதினார். சந்தோஷத்தில் நினைவூட்டலையும் கொஞ்சம் தாராளமாகவே எழுதினார். மாற்றலில் போகிறவர்கள் புறப்படும் முன் மருத்துவப் பரிசோதனையை முடிக்க வேண்டும் என்றும், அளவுக்கு மேல் எடை உள்ள அதிகாரிகள் எக்காரணம் கொண்டும் மலைப்பகுதிக்கு அனுப்பப்பட மாட்டார்கள் என்றும் போட்டு, 'எக்காரணம் கொண்டும்' என்பதன் அடியில் கோடும் இழுத்தார். அது பக்கத்து வீட்டு கேப்டன் முனிகிருஷ்ணனைச் சீண்டுவதற்காக. முனிகிருஷ்ணன் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பிரியாணிப் பிரியர், ஆள் கொஞ்சம் அகலம்.

"முனி, இதுல ஒரு வரி உனக்காகவே போட்டிருக்கேன், படிச்சியா?" என்றார் ஓஸ்வால்ட்.

"படிச்சேன் சார். அதுக்கு மேல உங்க பேரையும் படிச்சேன். நெஜமாவா சார்? மேடம் ஒத்துக்கிட்டாங்களா?"

"அதான் சொல்ல வந்தேன். இந்தக் காகிதத்தை வீட்டுல காட்டிடாத."

"அய்யோ, நான் எதையும் வீட்டுல காட்டுறதில்ல சார். எங்க வீட்டுக்காரி சொர்ணமே எடுத்துப் பார்த்துக்குவா."

ஓஸ்வால்ட் சிரித்தார். மடத்தனமான சிரிப்பு. மாதங்கள் கழித்து அதை நினைத்து அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. மார்ச்சில் போய்ச் சேர வேண்டும். கண்ணாடி முன் நின்று முகத்தைத் தொங்கப் போட்டுப் பழகிவிட்டு, ஓஸ்வால்ட் அதை டோரீனிடம் நீட்டினார்.

"பாரு டோரீன். என்ன அநியாயம். இந்த வயசுல என்னைத் தூக்கி மலை மேல போடுறாங்க."

டோரீன் வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"யாருங்க போட்டது?"

"மேலிடம்."

"நீங்க எதுவும் எழுதிக் குடுக்கலையே?"

"நானா? எனக்கு என்ன பைத்தியமா?"

"அதானே," என்றாள் டோரீன். "சரி விடுங்க. அரசாங்க உத்தரவு, நாம என்ன செய்ய முடியும்? போற வரைக்குமாவது வாய்க்கு ருசியா சாப்பிடுங்க. அங்க என்ன கிடைக்குமோ, பாவம்."

பாவம் என்றாள்! டோரீன் வாயிலிருந்து! ஓஸ்வால்டுக்கு இப்பேர்ப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. அதற்குள் பன்றிக்கறி வறுவல் வந்துவிட்டது.

அன்று ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் வருகிறது என்று கல்கல்லும் அச்சுமுறுக்கும் டின் டின்னாகச் சுட்டாள். கிறிஸ்துமஸ் போனது, டின் காலியாகவில்லை. காலை எழுந்தால் நெய் மணக்க முட்டை. மத்தியானம் ஆபீசுக்கு நாலு அடுக்கு கேரியர். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும். "இன்னும் ஒரு கரண்டி," என்பாள். "மலையில இதெல்லாம் யாரு போடுவா?" சனிக்கிழமை ரம்முக்கு அளவு போயே போய்விட்டது. கூடவே வறுத்த முந்திரி.

தினமும் காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கிற வழக்கம் ஒன்று இருந்தது. அவள் ஏற்படுத்திய வழக்கம்தான். அதையும் அவளே நிறுத்தினாள்.

"நடக்க வேணாங்க. அங்க மலை ஏறி ஏறிக் காலே தேயப்போகுது. இப்பவாச்சும் நல்லாத் தூங்குங்க."

"குறட்டை விட்டா?"

"விடுங்களேன். கேட்டுட்டுப் படுத்திருக்கேன். அப்புறம் கேட்க முடியுமா?"

கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிப் பேசியதில்லை. நாள் போகப் போக ஓஸ்வால்டின் வீரம் கரைந்தது. இப்படியே இருந்தால் எதற்கு மலை என்றுகூடத் தோன்றிற்று. ஆனால் உத்தரவு வந்தாகிவிட்டது, எழுதிக் கொடுத்ததும் தானே. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆகவே பரிமாறினதை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

எடை ஏறியது அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். சத்தியமாகத் தெரியாது. சட்டை பொத்தான் இழுக்கவில்லை, பேண்ட் இடுப்பில் இறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் பரிசாக டோரீன் புது பெல்ட் வாங்கிக் கொடுத்திருந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. முகம் உப்பினதைப் பார்த்து முனிகிருஷ்ணன்தான் ஒரு நாள், "சார், ஸ்வல்ப ஜாஸ்தி, கொஞ்சம் குண்டா ஆயிட்டீங்களோ?" என்று கேட்டார். "உன் கண்ணுக்கு உலகமே உன்னை மாதிரிதான் தெரியும்" என்று ஓஸ்வால்ட் அவர் வாயை அடைத்தார்.

பிப்ரவரியில், கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மருத்துவப் பரிசோதனை. டாக்டர் கர்னல் வைத்தீஸ்வரன் எடை மெஷினைக் காட்டினார். ஓஸ்வால்ட் ஏறினார். முள் ஓடிற்று. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஓடிற்று.

"மெஷின்ல கோளாறு சார்," என்றார் ஓஸ்வால்ட்.

டாக்டர் அவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். முள் ஒழுங்காக நின்றது. அடுத்து நர்ஸை ஏற்றினார். அதுவும் ஒழுங்கு.

"மறுபடி ஏறுங்க," என்றார். ஓஸ்வால்ட் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஏறினார். கழுத்தில் கிடந்த சிலுவையைக்கூடக் கழற்றப் போனார். டாக்டர் தடுத்துவிட்டார்.

"ஓஸ்வால்ட், உங்களை மலைக்கு அனுப்ப முடியாது. மாற்றல் ரத்து. ஆறு மாசம் இங்கேயே இருந்து இளைக்கணும்."

"ஏதாவது பார்த்துச் செய்யக் கூடாதா சார்?"

"எப்படி முடியும்? எக்காரணம் கொண்டும் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கோடு வேற இழுத்திருக்கீங்க." டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆமா, கேட்கணும்னு இருந்தேன். அந்த மாசம் ஏன் இங்கிலீஷ் அப்படி இருந்தது?"

வீட்டுக்கு வந்தபோது டோரீன் சாப்பாட்டு மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். நோட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவி முன்னால் வைத்தாள். நவம்பர் மாதச் சுற்றறிக்கை. உள்ளூர் வரைபடம் போல சிவப்புக் கோடு.

"சொர்ணம் கொண்டு வந்து குடுத்தா," என்றாள். "இத்தனை வருஷத்துல ஒரு மாசம் திருத்தறதுக்கு வரலையேன்னு நானே கேட்டு வாங்கினேன். எவ்வளவு தப்பு! 'வாலண்டியர்'ங்கற வார்த்தையில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. உங்க பேரு மட்டும் சரியா இருந்தது."

ஓஸ்வால்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"அப்ப... அந்த வறுவல்? நெய் முட்டை?"

"எக்காரணம் கொண்டும் அனுப்ப மாட்டோம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க. படிச்சேன், அது ஒண்ணுதான் பிரயோஜனமா இருந்தது."

"ஆனா பேண்ட் இறுக்கவே இல்லையே டோரீன்!"

"எப்படி இறுக்கும்? ஜோகுபாளையத்து டெய்லர்கிட்ட வாராவாரம் குடுத்து சட்டையையும் இடுப்பையும் பிரிச்சுத் தைச்சு வாங்கினேன். இனிமே பிரிக்கத் துணி இல்லைன்னு போன வாரம் கைவிரிச்சுட்டான். நல்லவேளை, இன்னிக்குப் பரிசோதனை வந்துடுச்சு."

ஓஸ்வால்ட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். புது பெல்ட்டில் பழைய ஓட்டையின் தடம் இருக்காது என்கிற சின்ன விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ராணுவத்தில் இத்தனை வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்?

டோரீன் பேனாவை மூடினாள். குரல் கொஞ்சம் இறங்கிற்று.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. எனக்கு மூச்சு முட்டுது, ரெண்டு வருஷம் தனியா இருந்துட்டு வரேன்னு சொல்லியிருந்தா, நாலு நாள் அழுதுட்டு அனுப்பி வெச்சிருப்பேன். மேலிடம்னு பொய் சொன்னீங்க பாருங்க. அதான் தாங்கல."

ஓஸ்வால்டுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "தப்புதான் டோரீன்," என்றார். "இனிமே உன்னைக் கேட்காம ஒரு கையெழுத்துப் போட மாட்டேன். போதுமா? சரி, பசிக்குது. இன்னிக்கு என்ன?"

"கேழ்வரகுக் கூழ்."

"தவக்காலம் நாளைக்குத்தானே?"

"உங்களுக்கு இன்னிக்கே. டாக்டர் ஆறு மாசம்னு சொன்னாரில்ல? விடியக்காலையில அல்சூர் ஏரி. நானும் வரேன்."

பிப்ரவரி மாதச் சுற்றறிக்கை அன்று சாயங்காலமே மேஜைக்கு வந்தது. 'மேஜர் ஓஸ்வால்டின் மாற்றல் ரத்து. காரணம்: எடை' என்று தன் கையாலேயே எழுதி, ஊரில் உள்ள அத்தனை அதிகாரிகளுக்கும் அனுப்ப வேண்டிய தலையெழுத்து. டோரீன் அதைத் திருத்தினாள். திருத்திவிட்டு, நினைவூட்டல் பகுதியில் கடைசியாகத் தானே ஒரு வரி சேர்த்தாள்: குடும்பம் இல்லாத இடங்களுக்கு மாற்றல் கேட்கும் அதிகாரிகள், மனைவியின் சம்மதக் கடிதத்தையும் இணைக்க வேண்டும்.

"இது விதியிலேயே இல்லை டோரீன்!"

"அப்ப உங்க பிரிகேடியர் அந்த வரியை அடிச்சுடுவாரு. உங்களுக்கு என்ன?"

அதுவும் சரிதான். பிரிகேடியர் யுத்தம் பார்த்தவர். உறுமினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இந்த வரியைப் பார்த்ததும் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார் என்று ஓஸ்வால்ட் மனதார நம்பினார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் கூழைக் குடித்து முடித்தார்.

பிரிகேடியர் படித்தார். புருவத்தை உயர்த்தினார். "நான் இதை வீட்டுல நிதானமா பார்க்கறேன்," என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கையெழுத்தோடு திரும்பி வந்தது. டோரீன் சேர்த்த வரி அப்படியே இருந்தது. 'சம்மதக் கடிதம்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே 'முன் அனுமதி' என்று பென்சிலால் குண்டு குண்டாக, அழகாக எழுதியிருந்தது. பிரிகேடியரின் கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி இருக்கும்.