ஃபாதருக்குச் சக்கரை கம்மி

கல்வராயன் மலையில் ஒரு பாதிரியாரைக் காப்பாற்றியது டாக்டரும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஓல்டான் பாயின் விசில்தான் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்! கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸின் கண்டக்டர் அவர். "ஓல்டான்!" என்று அவர் கத்தினால் டிரைவர் மட்டுமல்ல, ரோட்டோரம் மேய்கிற மாடும் நிற்கும். நான் மலைமேல் சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தினமும் அந்த பஸ்தான்.

எங்கள் ஃபாதர் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துத் தூங்குகிற மனுஷர். ஊர்க் கவலையெல்லாம் கேட்பார். அவர் கவலையைக் கேட்க ஆளில்லை. அதற்கு அவரே கண்டுபிடித்த மருந்து தேனும் பலாச்சுளையும். சர்க்கரை எகிறிவிட்டது. அடுத்த டெஸ்டில் குறையாவிட்டால் மலையை விட்டுவிட்டு, வயதான பாதிரியார்கள் இருக்கும் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று பிஷப் சொல்லிவிட்டார். பஸ்ஸில் என்னிடம் இதைச் சொன்னபோது ஃபாதருக்குக் கண் கலங்கியது. பின்னால் நின்ற ஓல்டான் பாயின் காதும் அங்கேதான் இருந்தது.

"இன்னா ஃபாதர், எங்கள வுட்டுட்டுப் பூடுவீங்களா? நான் வுட்டாத்தான!"

அன்றே பிரசாரம் ஆரம்பம். ஸ்டாப்புக்கு ஸ்டாப் தலையை நீட்டி, "ஃபாதருக்குச் சக்கரை கம்மியாவணும்! அல்லாரும் பாத்துக்குங்க!" என்று கத்தினார். இஞ்சின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "ஃபாதருக்குச் சக்கரை கம்மியாம்" என்று அடுத்த ஊருக்குச் சேதி போனது. "ஐயோ பாவம், ரேசன்ல போடல போலக்கீது" என்று அதற்கடுத்த ஊரில் முடிவே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஃபாதர் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டுமே! தேன், வெல்லம், பலாப்பழம், தினை மாவு உருண்டை! நடுவில் ஃபாதர். "அன்பாக் கொடுத்ததை எப்படி சார் வேணாம்னு சொல்றது?" என்றார். விரலில் தேன்.

ஓல்டான் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அத்தனையையும் பஸ்ஸில் ஏற்றிப் பயணிகளுக்குப் பங்கு வைத்தார். பிறகு வழக்கம்போல ஊர் ஊராகப் போய்வரக் கிளம்பிய ஃபாதர் படியில் கால் வைக்கப் போகிறார், விசில்!

"பாய், நான் இன்னும் ஏறலியே!"

"தெரியும் ஃபாதர். நடந்துக்கினே வாங்க. அடுத்த ஊருல நிக்கிறேன்."

அடுத்த ஊரிலும் அதே விசில். உள்ளே இருந்த ஒரு மலைக்காரம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். "வேவாத வெயில்ல சாமி தனியா நடக்குது, உனக்கு நெஞ்சு இல்லியா?"

"பிரியம் இருந்தா சக்கரை குடுக்காத, எறங்கிக் கூட நட!"

அவள் இறங்கியே விட்டாள்! அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். அப்புறம் தினமும் ஊர்வலம்தான். பட்டா விவகாரம், மாமியார் சண்டை எல்லாம் நடையிலேயே தீர்ந்தன. ஒருநாள் அந்த அம்மா, "நீ சாப்டியா சாமி? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டாளாம். மலைக்கு வந்ததிலிருந்து யாரும் அவரைக் கேட்காத கேள்வி. அன்று வழி நெடுக ஃபாதர்தான் பேசினாராம்.

டெஸ்ட் ரிசல்ட் வருகிற நாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பாய் வண்டியை எடுக்கவே விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துத் தீர்த்தார். தூரத்தில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபாதர் ஓடி வந்தார். ஓடி!

"கம்மி பாய்! கம்மி! இனிமே மலையிலதான்!"

வண்டியே கூத்தாடியது. பாய் தலையை வெளியே நீட்டி, "ஃபாதருக்குச் சக்கரை கம்..." என்று ஆரம்பித்தார். ஃபாதர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "கத்தாதீங்க பாய், மறுபடியும் தேன் வந்துரும்!"

பாய் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு முதல் சீட்டைத் துண்டால் தட்டினார். "உக்காருங்க ஃபாதர். சர்ச்சுக்கு முந்தின ஸ்டாப் வரைக்கும்தான்."

அந்த ஸ்டாப்பில் நானும் இறங்கினேன். எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது. அந்த மனுஷன் விசிலடித்து என்னையும் ஒரு தடவை துரத்த மாட்டாரா என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.