எட்டாமிடத்தாரின் யானை

உலகத்திலேயே மிக மெதுவாகக் கார்ப் பந்தயம் ஓடிய மனிதர் திருகோணமலை அன்புவழிபுரத்தில்தான் இருந்தார். பந்தயத்தில் மொத்தம் எட்டுப் பேர் என்பதால் அவருக்கு எட்டாமிடத்தார் என்று பெயர். எண்பது பேர் ஓடியிருந்தால் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

யுத்த காலம். வேலை கிடைக்காத பட்டதாரியான நான், கப்பலில் இருந்த மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியையும் ஒரு பழைய டிவியையும் வைத்து, துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கடை நடத்தினேன். நடத்தினேன் என்பது மரியாதைக்கு. நான் கதிரையில் சாய்ந்து தடித்த ரஷ்ய நாவல் படிக்க, கடை தானாக நடந்தது.

பெடியன்களுக்கு வேண்டியது ஒரே விளையாட்டு. கார்ட்டூன் மிருகங்கள் குட்டிக் கார்களில் ஏறிக் கடற்கரை வீதியில் பந்தயம் ஓடும். முயலுக்காக அடிபடுவார்கள். யானையை ஒருவரும் தொடமாட்டார்கள். கனத்த உடம்பு, வளைவில் திரும்பாது.

எட்டாமிடத்தார் வந்த முதல் நாளே யானையைத்தான் கேட்டார்.

"ஏன் அண்ணை யானை?"

"பஸ்ஸுக்குக் கிட்ட வாறது இதுதான் தம்பி."

அவர் வடக்கே திரியாய் கிராமத்துக்குப் போகிற பஸ்ஸின் சாரதி. சண்டையில் அந்தப் பாதையை மூடியதும் பஸ் நின்றது. டிப்போவில் அவரை ரிக்கற் புத்தகம் அடுக்கும் அறையில் இருத்தினார்கள். டவுன் பஸ் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்களாம். "ஏலாது. கடைசி ஓட்டத்திலை இறங்கின ஆக்களுக்கு நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்று மறுத்துவிட்டார். அந்த 'நாளைக்கு' வராமல் வருடங்கள் போய்க்கொண்டிருந்தன.

வளைவு வந்தால் ஜோய்ஸ்டிக்கை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டுவார். வெளியே என்பது பக்கத்துக் கதிரையில் இருப்பவனின் மூக்கு. பாதையில் ஒரு பாலம் வரும். அதன் ஓரத்தில் மூன்று கரடிகள் நின்று கைதட்டும். அங்கே யானையை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ. பின்னுக்குப் போங்கோ, இடம் கிடக்கு."

"அண்ணை, முயல் ஓடி முடிச்சிட்டுது" என்பான் ஒருவன்.

"அது ஆளில்லாமல் போகுது. இறக்கக்கண்டிப் பாலத்தடியிலை சனத்தை விட்டிட்டுப் போனால் அடுத்த பஸ் பின்னேரம்தானே."

கடையே சிரிக்கும். நானும் சிரித்தேன். சிரிப்பை எழுதி விற்கும் தொழில் எனக்குப் பிறகுதான் வந்தது. பயிற்சி எடுத்தது அங்கே, அவர் செலவில்.

ஒருநாள் ஆமியின் சுற்றிவளைப்பு. எங்களை வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"என்ன வேல?" என்று அவரைக் கேட்டான் ஆமிக்காரன்.

"டிரைவர். திரியாய் பஸ்."

"திரியாய் பஸ் இல்லதானே?"

"ஓம், பஸ் இல்லை. டிரைவர் இருக்கிறன்."

அந்தப் பதிலுக்காக மத்தியானம் வரை வெயிலில் நின்றோம். அவர் மட்டுமல்ல, எல்லோரும்.

பிறகு சமாதானம் என்றார்கள். பாதை திறந்தது. டிப்போ மனேச்சர் தயங்கினார்.

"கனகாலம் நீங்கள் ஸ்ரேறிங் பிடிக்கேல்லை. என்னெண்டு பஸ்ஸைத் தாறது?"

"ஒவ்வொரு நாளும் ஓடினனான் சேர். சாட்சி இருக்கு."

சாட்சி நான். என் பட்டத்துக்கு முதன்முதலாக ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது அன்றைக்குத்தான்.

"விபத்து ஏதும் நடந்ததோ?" என்று என்னைக் கேட்டார் மனேச்சர்.

"ஒருக்கால் முயல் பின்னாலை வந்து இடிச்சது சேர். பிழை முயலிலைதான்."

மனேச்சர் விபத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பாதையில் ஓட வேறு யாரும் முன்வராததால் பஸ்ஸைக் கொடுத்தார்.

முதல் ஓட்டத்தில் நானும் ஏறினேன். சலவை செய்த சட்டை, படிய வாரிய தலை, கலியாணத்துக்குப் போகிறவர் போலிருந்தார். டவுனில் ஏறியவர்கள் நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் இறங்கிவிட்டார்கள். அதற்கப்பால் நான் மட்டும். ஆனாலும் ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தினார். கூரையில்லாத வீடுகள். வாசலை மூடி வளர்ந்த பற்றைகள். எஞ்சினை அணைக்காமல் கண்ணாடியில் பின்கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வலக்கையை நீட்டிச் சிக்னல் காட்டிப் புறப்படுவார். பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. 'ஏறுங்கோ' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. திரியாயில் எங்களை வரவேற்க ஒரு மாடு நின்றது. பகிடி ஒன்று சொல்ல யோசித்தேன். எனக்கும் வரவில்லை.

அன்று பின்னேரம் கடைக்கு வந்தார். யானையை எடுத்தார். பாலம் வந்தது. நிறுத்தவில்லை. கைதட்டிய கரடிகள் பின்னால் போயின. வளைவில் சிக்னலும் காட்டவில்லை. முயலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முதலாவதாக வந்தார். திரையில் வாணவேடிக்கை.

"நிப்பாட்டினாலும் ஆர் தம்பி ஏறப்போகினம்?"

ஜோய்ஸ்டிக்கை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை. சமாதானம் முறிந்து பாதையை மறுபடி மூடும் வரை அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

அந்தப் பெட்டி இன்னும் என் அலுமாரிக்குள் கிடக்கிறது. எப்போதாவது எடுத்து டிவியில் கொழுவுவேன். யானைதான். பாலத்தில் ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிற்பேன். ஒவ்வொரு முறையும் எட்டாமிடம்தான் வருகிறது. அதற்கு முன்னால் வர எனக்கு மனமில்லை.