பதினேழாம் எண் செருப்பு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழுக்கடிதத்தையும் படித்துவிட்டு அதை நீயே முடிவு செய்துகொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்.

"வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதீங்கப்பா, நாலு பேரோட பழகுங்க" என்று நச்சரித்து என்னைப் பசுமைக் குழுவில் சேர்த்துவிட்டாய் அல்லவா, அதன் பலனைக் கேள். குப்பையைக் குறைப்பதற்காக வாரம் ஒருமுறை நூலக மாடியில் கூடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் வருகைப் பதிவு எழுதியவன் சும்மா இருப்பானா? முதல் கூட்டத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு, ஐந்து நிமிடம் பிந்தி வந்தவர்களுக்கு அரை நாள் விடுப்பு என்று குறித்தேன். குழுத் தலைவி, ஓய்வுபெற்ற நர்ஸம்மா, அதைப் பார்த்துவிட்டு, "சார், இங்க யாருக்கும் சம்பளமே கிடையாது" என்றார்.

ஆர்வமாக இருக்கிறாரே என்று, போன ஞாயிறு என்னை வாசலில் உட்கார வைத்தார்கள். அன்று பண்டமாற்று. வீட்டில் உபயோகிக்காததைக் கொண்டுவந்து வாசலில் வைக்கலாம், வேண்டியவர்கள் எடுத்துப்போகலாம். குழுவினர் உள்ளே உரம் தயாரிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நான் வாசலில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டுக் கட்டி, எண் போட்டு, எடுத்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கினேன். அத்தனை ஒழுங்கு! அங்கே கிடந்த செருப்புகள் உள்ளே இருப்பவர்களுடையவை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

கூட்டம் முடிந்து நர்ஸம்மா வந்து, "சார், என் செருப்பு எங்க?" என்றார். நான் பெருமையாக நோட்டைப் புரட்டி, "பதினேழாம் நம்பர். எதிர்க்கடை டெய்லர் எடுத்துட்டுப் போயிட்டார்மா, கையெழுத்து இருக்கு" என்றேன். ஒன்பது பேர் வெறுங்காலோடு படியிறங்கினார்கள். கொதிக்கிற தார் ரோட்டில் அவர்கள் குதித்துக் குதித்துப் போனதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிரிக்காதே அம்மா. உன் அம்மா போன பிறகு, நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்த ஒரே இடம் அது. காலமெல்லாம் மற்றவர்கள் வரவில்லை என்று எழுதியே பிழைத்தவனுக்கு, தன்னைத் தேட ஆள் வேண்டும் என்பது இந்த வயதில்தான் புரிந்தது. அதையும் கெடுத்துக்கொண்டேன். ஒரு வாரமாக யாரும் கூப்பிடவில்லை. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போவேன்? ஆகவே நீ கேட்டபடி வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடேயே வந்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட் எடுக்கவும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த அப்பா

பி.கு.: டிக்கெட் எடுக்க வேண்டாம். கவரை ஒட்டப்போகிற நேரத்தில் நர்ஸம்மா வந்து கதவைத் தட்டினார். "உங்க நோட்டுல இருந்த கையெழுத்தப் பாத்து, செருப்பெல்லாம் அன்னிக்கே வந்து சேந்துடுச்சு சார், உங்களத்தான் காணோம்" என்றார். நூலகத்துக்கு வெள்ளையடிக்கிறார்களாம், அடுத்த கூட்டம் நம் வீட்டில். சரியென்றுவிட்டேன். பதினான்கு பேருக்கு டீ. காகிதக் கப் கூடாது என்பது குழுவின் சட்டம். இங்கே இரண்டு வருடமாக ஒரே ஒரு டம்ளர்தான் வெளியே இருக்கிறது. மீதியையெல்லாம் உன் அம்மா எங்கே எடுத்து வைத்தாள் என்று தெரிந்தால் உடனே எழுதவும்.